எட்டடி உயரத்திலிருந்து

பெங்களூரு ஓசூர் சாலையில், நிம்ஹான்ஸ் வளாகத்துக்குள், மூளைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டி வந்த மூளை, நாடாப்புழுவின் முட்டை புகுந்த மூளை, ரத்தம் கசிந்து கறுத்த மூளை, விபத்தில் அடிபட்ட மூளை என்று ரசாயனக் கரைசலில் ஊறியபடி வரிசையாக இருக்கின்றன. வருகிறவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு மூளையைக் கையில் வாங்கியும் பார்க்கலாம். தொட்டால் கெட்டியாகத்தான் இருக்கும். அந்தக் கெட்டி ஃபார்மலின் கொடுத்தது. உயிருள்ள மூளையோ, இரவில் உறை ஊற்றிய தயிர் காலையில் இருக்கிற பதத்தில் இருக்கும். அசைத்தால் அசையும், அழுத்தினால் பிளக்கும். சுமார் 1.3 கிலோ எடையுள்ள அந்தப் பொருளை எலும்புப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் கொஞ்சம் நீர் விட்டு, இயற்கை நம் கழுத்துக்கு மேலே பொருத்தியிருக்கிறது. அதைக் கொண்டுபோய் ஓடுகிற குதிரையின் முதுகில் ஏற்றலாம் என்ற யோசனை மட்டும் மனிதனுடையது.

பெங்களூருக்கு அந்த யோசனை புதிதல்ல. கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே இது குதிரை ஊர். 1896-இல் இளம் ராணுவ அதிகாரியாக இங்கே வந்த வின்ஸ்டன் சர்ச்சில் போலோ பித்துப் பிடித்து அலைந்தார். பம்பாயில் படகிலிருந்து கரையேறும்போது துறைமுகச் சுவரின் இரும்பு வளையத்தைப் பற்றியதில் அவருடைய தோள்மூட்டு நழுவியிருந்தது. அதன்பிறகு மேல்கையை உடம்போடு சேர்த்து வாரால் கட்டிக்கொண்டுதான் போலோ ஆடினார். இன்றைக்கும் நகரின் நடுவே ரேஸ் கோர்ஸ் சாலையில் டர்ஃப் கிளப்பின் ஓடுபாதை கிடக்கிறது. விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிப் பக்கம் எம்பசி குதிரையேற்றப் பள்ளி. அதன் ஆதரவில் வளர்ந்த பெங்களூருக்காரர் ஃபவாத் மிர்ஸா, 2018 ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளியும் அணி வெள்ளியும் வாங்கினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுவரை போய் 23-வது இடத்தில் முடித்தார். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்குப் பிறகு குதிரையேற்றத்தில் ஓர் இந்தியர் ஒலிம்பிக் மைதானத்தைப் பார்த்தது அப்போதுதான். மிர்ஸாவின் தந்தை குதிரை மருத்துவர் என்பதால் வீட்டில் பயம் குறைவாக இருந்திருக்கும். மற்ற வீடுகளில், நீச்சல் வகுப்பு, கராத்தே வகுப்பு வரிசையில் சவாரி வகுப்பையும் சேர்க்கும்போது அம்மாவோ பாட்டியோ கேட்கிற கேள்வி ஒன்றுதான்: விழுந்தா என்ன ஆகும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நடுத்தரக் குதிரையின் தோள்மேடு தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர். அதன்மேல் சேணத்தில் உட்கார்ந்தவரின் தலை கிட்டத்தட்ட 2.4 மீட்டரில், அதாவது எட்டடியில் இருக்கும். குதிரை அசையாமல் நிற்கும்போதே அங்கிருந்து தலைகுப்புற விழுந்தால், தரையைத் தொடும் கணத்தில் தலையின் வேகம் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். கான்கிரீட்டில் வெறும் மண்டை மோதினால் அந்த வேகம் முழுவதும் மூன்று நான்கு மில்லிமீட்டருக்குள் அடங்கியாக வேண்டும். அப்போது தலை படும் பாடு, புவியீர்ப்பைப்போல் 600 முதல் 800 மடங்கு. நடுவில் 2 சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுக்கிற ஒரு பொருள் இருந்தால் அதே தாக்கம் 120 மடங்குக்கு இறங்கிவிடும்.

ஹெல்மெட்டின் வேலை இவ்வளவுதான். வெளிஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் வகை நுரை நசுங்கி, தலை நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் வாங்கித் தருகிறது. நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. ஆகவே ஒரு பலமான விழுகைக்குப் பிறகு வெளியே கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கும் ஹெல்மெட், உள்ளே வெறும் தொப்பியாகிவிட்டிருக்கலாம். பள்ளியில் இரவல் ஹெல்மெட் மாட்டிவிடும்போது பெற்றோர் கேட்க வேண்டியது, இது எத்தனை தடவை விழுந்திருக்கிறது என்பதைத்தான்.

பைக் ஹெல்மெட் இருக்கிறதே, அதையே போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போடாததற்கு அது மேல் என்பது சரி. ஆனால் அது சாலைக்காகச் செய்யப்பட்டது. கனம் அதிகம், காதை அடைத்துவிடும், பக்கவாட்டுப் பார்வையையும் குறைக்கும். சவாரிக்கான ஹெல்மெட்டை அமெரிக்கத் தரச் சோதனையில் குளம்பின் விளிம்பை நினைவுபடுத்தும் கூரிய இரும்பு முனை மீதும் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். ஐரோப்பியத் தரத்தில் பக்கவாட்டில் நசுக்கியும் பார்க்கிறார்கள். ஏனென்றால் சவாரியில் தரை மட்டும் எதிரியல்ல. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். தள்ளிய பிறகு மிதிப்பது, உதைப்பது, கால் அங்கவடியில் சிக்கிக்கொண்டவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடுவது, சமயத்தில் மேலேயே சாய்ந்துவிடுவது என்று அது பறிக்கிற குழிகள் பல.

இவ்வளவையும் குதிரை வேண்டுமென்று செய்வதில்லை. அது முரட்டுப் பிராணியல்ல, பயந்த பிராணி. புல்வெளியில் வேட்டைமிருகங்களுக்குத் தப்பிப் பிழைத்த வம்சம். தலையின் இரு பக்கமும் கண் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் பார்வை எட்டாது. எட்டாத இடத்தில் ஏதாவது அசைந்தால் முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். பாலித்தீன் பை ஒன்று காற்றில் எழும்பினால் போதும். மெட்ரோ வேலையும், தீபாவளிச் சரவெடியும், தலைக்கு மேலே இறங்கும் விமானமும் உள்ள ஊரில் அரை டன் எடையுள்ள பயத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

லாயத்தில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ்களைக் கவனித்தால் இது புரியும். நல்ல சைஸ் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரமாட்டார். தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே நெருங்கி, கழுத்தில் கை வைப்பார். பின்னால் கடந்துபோக வேண்டுமானால் ஒன்று, பின்னங்கால் வீச்சுக்கு எட்டாத தூரம் விலகிப் போவார். இல்லாவிட்டால் உடம்பை ஒட்டி, கையை அதன் மேலேயே வைத்தபடி போவார். நடுவாந்தரமான தூரம்தான் ஆபத்து, உதை முழு வேகம் எடுப்பது அங்கேதான். பிடிகயிற்றை மடித்துப் பிடிப்பாரே தவிரக் கைமணிக்கட்டில் சுற்றிக்கொள்ள மாட்டார். குதிரை மிரண்டால் சுற்றிய கயிறு விரலையும் கொண்டுபோகும், ஆளையும் கொண்டுபோகும். காயங்களில் கணிசமான பங்கு சவாரியின்போது அல்ல, தரையில் நின்று குதிரையைக் குளிப்பாட்டும்போதும் சேணம் பூட்டும்போதும் நடக்கிறது. ஆனாலும் சேணத்திலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குதிரையோடு செல்ஃபி எடுப்பது உலக வழக்கமாகிவிட்டது.

காலணியும் சின்ன விஷயமில்லை. கான்வாஸ் ஷூவுக்குக் குதிகால் கிடையாது. விழும்போது பாதம் அங்கவடிக்குள் முழுக்க நுழைந்து மாட்டிக்கொள்ளும். அரை அங்குலக் குதிகால் உள்ள பூட்ஸ் அதைத் தடுக்கும். விழுந்தவுடன் தானே திறந்துகொள்ளும் அங்கவடிகளும் வந்துவிட்டன. ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரியைச் சுற்றியும் மெரினா மணலிலும் ஐந்து வயதுப் பிள்ளையைச் செருப்புக் காலோடு, வெறுந்தலையோடு ஏற்றி ஒரு ரவுண்டு அனுப்பிவைக்கிறோமே, அங்கே இதில் ஒன்றுகூடக் கிடையாது. குதிரை சாதுவாக இருப்பதை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

தலைக்குக் கவசம் வேண்டும் என்ற புத்தி குதிரைப் பந்தயத்துக்கு வந்ததே ஒரு சாவுக்குப் பிறகுதான். 1923-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றவர் கேப்டன் டப்பி பெனட். அதே ஆண்டுக் கடைசியில் வுல்வர்ஹாம்டன் பந்தயத்தில் விழுந்து, தலையில் உதைபட்டு, சில நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அதையடுத்துத்தான் தடை தாண்டும் பந்தயங்களில் ஜாக்கிகள் தலைக்கவசம் அணிவது 1924-இல் கட்டாயமானது. அப்போதைய கவசம் இன்றைய கண்ணுக்கு ஒரு கிண்ணம் மாதிரிதான் தெரியும். ஆனாலும் அதுவே ஆரம்பம்.

அடுத்த படி மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. 1935 மே மாதம் டி.இ. லாரன்ஸ், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று உலகம் அறிந்தவர், பைக் விபத்தில் தலை அடிபட்டு ஆறு நாள் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். கெய்ர்ன்ஸ் அதன்பின் பைக் ஓட்டும் ராணுவத்தினரின் தலைக்காயங்களைத் திரட்டி ஆராய்ந்து, ஹெல்மெட் ஏன் வேண்டும் என்று 1941-இல் கட்டுரை எழுதினார். பெங்களூரு தெருக்களில் 2016 ஜனவரியிலிருந்து பின்சீட்டுக்காரரும் மாட்டியாக வேண்டியிருக்கும் அந்தப் பொருளின் வம்சாவளி அங்கேதான் போய் நிற்கிறது.

ஆனால் கதையின் சுவாரசியமான திருப்பம் கெய்ர்ன்ஸோடு ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்த ஒரு இயற்பியலாளரிடம் இருக்கிறது. ஹோல்பர்ன் என்று பெயர். மருத்துவம் படிக்காதவர் என்பதால் மருத்துவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்டார்: மண்டை ஓடு உடையாமலே சிலர் ஏன் மாதக்கணக்கில் நினைவு திரும்பாமல் கிடக்கிறார்கள்? ஜெலட்டினில் மூளை வடிவம் வார்த்து, மண்டை ஓட்டின் வடிவத்துக்குள் வைத்து, சட்டென்று திருப்பிப் பார்த்தார். நேர்கோட்டில் தள்ளியபோது ஜெலட்டினுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகவில்லை. திருகியபோதுதான் உள்ளே அடுக்கடுக்காகப் பிசகியது. மூளையைச் சுருக்குவது கடினம், ஆனால் வழுக்கிச் சிதைப்பது எளிது என்று 1943-இல் எழுதினார். 13 ஆண்டுகள் கழித்து சபினா ஸ்ட்ரிச் என்ற நோய்க்குறியியலாளர், தலைக்காயத்துக்குப்பின் புத்தி தடுமாறி இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, வெள்ளைப் பகுதியின் நரம்பிழைகள் பரவலாக அறுந்தும் தேய்ந்தும் கிடப்பதைக் கண்டார். காயம் ஓரிடத்தில் இல்லை, கம்பிகளின் ஊடே எங்கும் இருக்கிறது. சாதாரண சி.டி. ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரியாது.

குதிரையிலிருந்து விழுகிறவர் நேராக விழுவதில்லை. சுழன்று, தோளில் பட்டு, தலை சாய்ந்து இடிபடுகிறார். ஹோல்பர்னின் திருகல் அங்கே முழுமையாக நடக்கிறது. மண்டை ஓடு தப்பினால் மூளையும் தப்பியது என்று வீட்டார் நினைத்துக்கொள்வதற்கு அடிப்படை இல்லை என்று சொல்வது அதனால்தான். ஸ்வீடனில் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட் என்ற மூளை அறுவை நிபுணர் இந்தத் திருகலைக் குறைக்க ஹெல்மெட்டுக்குள் சில மில்லிமீட்டர் வழுக்கி நகரும் ஓர் உள்படலத்தை வைக்க வேண்டும் என்று 1990-களில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். மிப்ஸ் எனப்படும் அந்த ஏற்பாடு இன்று சைக்கிள் ஹெல்மெட்டுகளில் சாதாரணம். 2007-இல் அது முதலில் விற்பனைக்கு வந்தது குதிரை ஹெல்மெட்டில்தான். எந்த ஹெல்மெட்டும் திருகலை முழுக்கத் தடுப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

விழுவதையே குறைக்க முடியுமா என்று விளையாட்டுக்காரர்கள் யோசித்தது ஒரு கெட்ட வருஷத்துக்குப் பிறகு. மிர்ஸா ஆடுவது ஈவென்டிங் என்ற பிரிவு. நடை அழகு, காட்டுவழித் தடைகள், மைதானத் தாண்டல் என்று மூன்றும் சேர்ந்தது. காட்டுவழித் தடைகள் மரத்தால் ஆனவை, அசையாதவை. முன்னங்கால் அதில் இடித்தால் குதிரை குட்டிக்கரணம் போட்டு சவாரிக்காரர் மேலேயே வந்து விழும். 1999-இல் பிரிட்டனில் மட்டும் ஐந்து ஈவென்டிங் வீரர்கள் இறந்தார்கள். அதன்பிறகு, குறிப்பிட்ட விசைக்கு மேல் அழுத்தம் வந்தால் ஒடிந்து மரக்கட்டையைக் கீழே விடும் ஆணிகள் தடைகளில் பொருத்தப்பட்டன. காற்று நிரம்பி உப்பும் மேற்சட்டைகளும் வந்தன. சேணத்தோடு கட்டிய கயிறு விழும்போது இழுபட்டுக் கழன்றதும் அவை ஒரு நொடிக்குள் ஊதிக்கொள்ளும். மார்பையும் முதுகையும் காப்பாற்ற அவை நல்லவை. தலைக்கு அவற்றால் பயன் இல்லை.

அழகுநடைப் பிரிவான டிரெஸாஜில் இன்னொரு கதை. தடை தாண்டுவதே இல்லாத ஆட்டம் என்பதால் அங்கே உயரத் தொப்பிதான் மரியாதை, ஹெல்மெட் அகௌரவம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடிய கர்ட்னி கிங்-டை, 2010 மார்ச் மாதம் ஃப்ளோரிடாவில் இளங்குதிரை ஒன்றைப் பழக்கிக்கொண்டிருந்தார். குதிரை துள்ளவில்லை, மிரளவில்லை. தன் காலே தடுக்கி இடறியது, அவ்வளவுதான். அவர் தலையில் எதுவும் இல்லை. ஏறக்குறைய நான்கு வாரம் கோமா. பிறகு நடையையும் பேச்சையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அவருடைய விபத்துதான் ஹெல்மெட்டுக்கான பெரிய இயக்கத்தையே கிளப்பியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சார்லட் டுஜார்டின் ஹெல்மெட்டோடு வந்து தங்கம் வென்றபோது தொப்பியின் மவுசு பாதி போனது; 2021 தொடக்கத்தில் உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் அதை முழுதாக எடுத்துவிட்டது. பழக்கம் மாறப் பதினோரு வருஷம். விளையாட்டு உலகின் நிதானத்துக்கு இது வேகம்தான்.

இந்தியாவில் இந்தப் பேச்சு போலோ மைதானத்தில் தொடங்கியது. 2005 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் ஆடிக்கொண்டிருந்த ஜோத்பூர் இளவரசர் சிவ்ராஜ் சிங், குதிரையிலிருந்து விழுந்து மூளையில் பலத்த காயம் அடைந்தார். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கோமா, இந்தியாவிலும் வெளிநாட்டிலும் சிகிச்சை, வருஷக்கணக்கில் பயிற்சி. 2010-இல் அவருக்குத் திருமணம் நடந்தபோது நாளிதழ்கள் அரண்மனைக் கோலாகலத்தோடு சேர்த்து அந்த ஐந்து வருஷத்தையும் எழுதின. சவாரிக்கான ஜோத்பூர் கால்சட்டையை 1897-இல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்குப் போய் லண்டனில் பிரபலமாக்கியவர் அந்தக் குடும்பத்தின் சர் பிரதாப் சிங். அதே குடும்பத்திலிருந்துதான், மகனுக்கு நேர்ந்ததைப் பார்த்த மகாராஜா கஜ் சிங், 2007-இல் இந்தியத் தலைக்காய அறக்கட்டளையைத் தொடங்கினார். மகாராஜாவின் மகனுக்கு வெளிநாடு இருந்தது. மற்றவர்களுக்கு அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்த பிறகு என்ன இருக்கிறது என்பதுதான் அந்த அமைப்பு கையில் எடுத்த கேள்வி.

முதல் சில மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடி, தூக்கி உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் காற்று விசிறுவது நம் வழக்கம். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் இதில் தூக்கி உட்கார வைப்பதும் ஹெல்மெட்டைக் கழற்றுவதும் அவரைப் படுக்கையிலேயே போட்டுவிடக்கூடியவை. மூச்சு சீராக இருந்தால் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்தபடி 108-க்குக் காத்திருப்பதே உத்தமம். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்கிறவர்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர். காதுக்கு முன்னே நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. அதன் உள்பக்கம் ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால் எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் மெல்லச் சேரும். அதுவரை ஆள் நன்றாகப் பேசுவார், டீ குடிப்பார், ஆட்டோ பிடித்து வீட்டுக்கே போவார். சில மணி நேரத்தில் தலைவலி ஏறும், வாந்தி வரும், ஒரு கண்பாவை மற்றதைவிட விரியும், பிறகு எழுப்பினால் எழமாட்டார். சரியான நேரத்தில் ஓட்டையிட்டு அந்த ரத்தத்தை எடுத்துவிட்டால் பிழைத்து நடந்துபோகக்கூடிய காயம் அது. ஒரு முறையாவது நினைவு தப்பியவர், மீண்டும் மீண்டும் வாந்தி எடுப்பவர், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பவர், வலிப்பு வந்தவர், மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல ஒழுகுபவர் ஆகியோரை ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு அல்ல.

மருத்துவமனையில் 1974-இல் கிளாஸ்கோவில் உருவான ஓர் அளவுகோலால் மதிப்பெண் போடுவார்கள். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் சேர்த்து அதிகபட்சம் 15, குறைந்தபட்சம் 3. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். 13-உம் அதற்கு மேலும் லேசானது. லேசானது என்று ஏட்டில் எழுதப்பட்டவர்களிலும் சிலர் மூன்று மாதம் கழித்தும் வெளிச்சம் கூசி, தலைவலித்து, கம்ப்யூட்டர் திரையின் முன்னால் அரை மணி நேரம் உட்கார முடியாமல் தவிக்கிறார்கள்.

நிம்ஹான்ஸுக்கு வருகிற தலைக்காயங்களில் குதிரை ஒரு துளிதான். இந்தியாவில் மூளைக்காயங்களுக்குச் சாலை விபத்து சுமார் 60 சதவீதமும் விழுவது 20 முதல் 25 சதவீதமும் காரணம் என்று அந்நிறுவனத்தின் நோய்ப்பரவியல் பேராசிரியர் குருராஜ் 2002-இல் மதிப்பிட்டார். ஆனால் மூளைக்கு, தன்னைத் தள்ளியது பல்சர் பைக்கா பந்தயக் குதிரையா என்று தெரியாது. பிந்தைய வாழ்க்கை இருவருக்கும் ஒன்றே.

அந்த வாழ்க்கை சின்னச் சின்ன இடங்களில் இடறும். மூக்கின் மேற்கூரையில் சல்லடைபோன்ற எலும்புத் துளைகள் வழியே நுழையும் வாசனை நரம்புகள், மூளை ஆடியபோது அறுந்திருக்கும். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தால் தெரியாது. கேஸ் கசிந்தாலும் தெரியாது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் நாக்கில் புளிப்பு மட்டும்தான். முன்மூளையில் அடிபட்டவருக்கு ஒவ்வொரு வேலையும் தெரியும், ஆனால் எதை முதலில் செய்வது என்பது தெரியாது. குளிப்பது, சட்டை தேய்ப்பது, டிபன் சாப்பிடுவது மூன்றையும் ஒன்பது மணிக்குள் வரிசைப்படுத்த முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். வீட்டார் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பார்கள். மருத்துவர் முன்னால் பத்து நிமிஷம் அருமையாகப் பேசிவிட்டு வெளியே வந்ததும் பார்க்கிங்கில் மனைவியிடம் கத்துவார். மாலை நான்கு மணிக்கு மேல் எதுவுமே ஓடாத ஒரு களைப்பு வரும். தூங்கினாலும் அது முழுக்கப் போகாது. கையில் கட்டு இல்லை, காலில் நொண்டல் இல்லை. எலும்பு முறிந்திருந்தால் கிடைத்திருக்கும் அனுதாபம் இவருக்குக் கிடைப்பதில்லை.

இதை அளப்பதற்கென்று நிம்ஹான்ஸ் உளவியலாளர்கள் 2004-இல் ஒரு சோதனைத் தொகுப்பை வெளியிட்டார்கள். வயது, படிப்பு, ஆணா பெண்ணா என்று பார்த்து இந்தியர்களுக்கான அளவுகளோடு ஒப்பிடும் தொகுப்பு அது. ஷோபினி ராவ் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். ஒரு சோதனையில் தாள் முழுக்க எண்கள் அச்சாகியிருக்கும். 6-ஐயும் 9-ஐயும் மட்டும் தேடித் தேடி அடிக்க வேண்டும், கூடிய வேகத்தில், ஒன்றும் தவறாமல். ஐ.ஐ.டி.யில் படித்தவரும் தாளின் கீழ்ப்பாதிக்கு வரும்போது திணறுவார் என்றால் எங்கே பழுது என்று புரிந்துவிடும். அதையொட்டி வீட்டிலேயே செய்யும் பயிற்சிகளையும் அங்கே வடிவமைத்தார்கள். அதில் ஒன்று தானியம் பிரிப்பது. கலந்து வைத்த பருப்பு வகைகளைத் தட்டில் கொட்டி, வகைவாரியாகப் பொறுக்கி, எவ்வளவு நேரமாயிற்று, எத்தனை தப்பு என்று குறிக்க வேண்டும். நாள்தோறும், மாதக்கணக்கில். கவனத்தைக் கட்டி நிறுத்தும் பயிற்சிக்குப் பாட்டிகள் முறத்தில் வைத்துச் செய்த வேலையே போதுமானதாக இருக்கிறது. விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பது கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்துபோகும் குடும்பங்களுக்குச் சின்ன உதவியில்லை.

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். இரண்டு வருஷத்தோடு எல்லாம் நின்றுவிடும் என்று முன்பு சொல்வார்கள். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. ஆனால் சட்டம் அந்த வருஷங்களுக்கு ஒரு பெயர் வைக்கவில்லை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன் இருக்கிறது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறது, தலைக்காயம் தனியாக இல்லை. பக்கவாதம் தங்கியிருந்தால் உடல் இயக்கக் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கலாம். ஞாபகமும் நிதானமும் மட்டும் போனவர் எந்த வரிசையில் நிற்பது என்பதில் ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிருக்கிறது. இந்தப் பட்டியலைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிகிற குறைக்கே அரசாங்கமும் முதலில் இரங்குகிறது என்று தோன்றுகிறது.

மறுபடி குதிரை ஏறலாமா? லேசான அதிர்ச்சிக்குப் பிறகு, இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்கச் சொன்ன பழைய வைத்தியம் போய்விட்டது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் ஒன்றிரண்டு நாள் அடக்கமான ஓய்வு, பிறகு நடை, பிறகு படிப்படியாக உடற்பயிற்சி என்று வகுத்தார்கள். அடிபடக்கூடிய ஆட்டங்கள் மருத்துவர் அனுமதித்த பிறகு கடைசியில்தான். சவாரிக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஓட்டக்காரர் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். சவாரிக்காரர் மெதுவாக விழுந்து பார்க்க முடியாது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால், முக்கியமாகப் பதின்வயதினருக்கு, மூளை சட்டென்று வீங்கி உயிரே போகலாம். அபூர்வம்தான், ஆனால் திரும்பாத அபூர்வம். பிரிட்டனில் ஜாக்கிகள் நல்ல நிலையில் இருக்கும்போதே அவர்களுடைய ஞாபகத்தையும் மறுவினை வேகத்தையும் சோதித்து வைத்துக்கொள்கிறார்கள். விழுந்த பிறகு மறுபடி சோதித்துப் பழைய அளவுக்கு வந்தால்தான் சேணம். பயிற்சியாளரின் கண்ணையோ ஜாக்கியின் வாக்கையோ நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். சவாரி வகுப்பு நடத்துகிறவர்கள் பிள்ளை சேரும் அன்றே இதைச் செய்யலாம். ஒரு தாளும் ஒரு கடிகாரமும் போதும்.

கடுமையான காயத்திலிருந்து மீண்டவருக்கு விடை வேறு. வலிப்பு வரும் வாய்ப்பு வருஷக்கணக்கில் தொடரும். சமநிலை முன்போல் இருக்காது. பந்தயத்துக்கும் தாண்டலுக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் தலையசைப்பதில்லை. ஆனால் குதிரையின் நடைக்கு வேறொரு பயன் உண்டு. அது அடியெடுத்து வைக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் அசையும் விதம் மனிதன் நடப்பதற்கு நெருங்கியது. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் டிரெஸாஜில் வெள்ளி வென்ற பிறகு குதிரைச் சிகிச்சையின் மீது மருத்துவர்களின் பார்வை திரும்பியது. கிங்-டையும் சிகிச்சையின் பகுதியாக மீண்டும் சேணத்தில் உட்கார்ந்தார். பிறகு பயிற்சியாளராகத் தொடர்ந்தார். பெங்களூரிலும் குழந்தைகளுக்கு இத்தகைய சவாரிச் சிகிச்சை கிடைக்கிறது: சாதுவான குதிரை, முன்னால் ஒருவர் பிடித்து நடத்த, இரு பக்கமும் இருவர் பிள்ளையின் தொடையைத் தாங்கி நடப்பார்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் சமநிலை இதனால் மேம்படுவதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. மூளைக்காயம் பட்ட பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் சிறியவை. அதனால் பிசியோதெரபியை விட்டுவிட்டு அல்ல, அதனோடு கூடுதலாக என்ற நிபந்தனையோடுதான் அவர்களுக்கு இதைச் சொல்ல முடிகிறது.